சொல்லிக்கொண்டு போ

செப்டம்பர் 27, சனி

இந்த டைரி போன தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்தது. மோனி எனக்குக் கொடும்மா என்று கேட்டு வாங்கினாள். முதல் பக்கத்தில் மோனிஷா என்று பெயர் மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு பூப் போட்டிருக்கிறாள். மீதி எல்லாம் வெள்ளை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆஸ்பத்திரி நர்ஸம்மா, மனதில் இருப்பதை எழுதுங்கள், தூக்கம் வரும் என்றார். மனதில் இருப்பதை எப்படி எழுதுவது? இன்றைக்குச் செய்ததை எழுதுகிறேன்.

காரியம் முடிந்து இன்றைக்குத்தான் கம்பெனிக்குப் போனேன். பிசிறு வெட்டினேன். சின்னக் குழந்தைகள் போடும் பனியன், நெஞ்சில் வாத்துப் படம். யாரும் என்னிடம் பேசவில்லை. சூப்பர்வைசர் கூட டார்கெட் கேட்கவில்லை. வந்து சோறு வைத்தேன். அரிசியை இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன். கை தானாகப் போடுகிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பொரி, கடலை, ஒரு ஆப்பிள் கொடுத்தார்கள். மோனிக்குப் பொரியில் இருக்கிற பொட்டுக்கடலைதான் வேண்டும். பொறுக்கித் தின்றுவிட்டு வெறும் பொரியை எனக்கு வைப்பாள்.

வீட்டு ஓனர் சாந்தாமணி அக்கா வந்தார். எங்கள் லைனில் ஐந்து வீடு. முன்வீட்டில் அவர். கடைசி வீட்டில் நேபாளத்துக்காரர் தில் பகதூரும் அவர் மகள் மாயாவும். அவருடைய சம்சாரம் அங்கே ஊரில் மாமியாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். இவர் பாஸ்ட்புட் கடையில் மாஸ்டர். நூடுல்ஸ் போடுகிறவர். ஆனாலும் லைனில் எல்லோருக்கும் அது கூர்க்கா வீடு. எங்கப்பா கூர்க்கா இல்லீங்க என்று மாயா சொல்லிச் சொல்லி விட்டுவிட்டாள். மோனியும் மாயாவும் ஒரே வகுப்பு, பிளஸ் டூ. ஒரே பெஞ்சு.

"துளசி, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார் அக்கா. "அந்தக் கூர்க்காக்காரங்களைக் காலி பண்ணச் சொல்லிப் போட்டேன். ஐப்பசி முடியறதுக்குள்ள போயிருவாங்க."

"ஏனுங்க்கா?"

"ஏன்னு கேக்கறே? டெங்குன்னுதான ஆஸ்பத்திரில சொன்னாங்க? மாநகராட்சிக்காரங்க வந்து பாத்தப்ப அவங்க டிரம்முலதான புழு இருந்துச்சு? உன்ற புள்ள பொழுதுக்கும் அங்கதான கிடந்தா? அதுவுமில்லாம எழவுக்கு வந்து அந்தப் புள்ள ஒரு சொட்டுக் கண்ணீர் வுடலை. நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். அதுக மூஞ்சியைத் தெனமும் பாத்துட்டு உனக்கு எப்படி மனசு ஆறும்? உனக்காவத்தான் சொல்றேன். நீ இருந்துட்டுப் போகட்டும்னு ஒரு வார்த்தை சொல்லு, இருந்துட்டுப் போகட்டும். எனக்கென்ன?"

மாயாவுக்கு மார்ச்சில் பொதுப் பரீட்சை. நடுவில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள்?

பொரியை அக்காவிடம் கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மாயா வந்தாள். வாசலில் நின்று, "மோனிம்மா" என்றாள்.

கம்பெனியில் நான் துளசி அக்கா. ரேஷன் கடையில் துளசிமணி. மோனிம்மா என்று இவள் ஒருத்திதான் கூப்பிடுவாள். மற்றவர்கள் எல்லாம் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கவனமாக இருக்கிறார்கள்.

உள்ளே வந்து சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டுப் பார்த்தால் ஆள் இல்லை. எழுந்து போய்விட்டாள்.

இப்போதெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அது எப்படி ஆயிற்று என்று எழுதுகிறேன்.

மோனியை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு, வந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். துக்க வீட்டில் யாரும் போயிட்டு வர்றேன் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட வேண்டும். மாயா மட்டும் நேராக என் முன்னால் வந்து நின்றாள். பள்ளிச் சீருடையோடு வந்திருந்தாள். குனிந்து, "போயிட்டு வர்றனுங் மோனிம்மா" என்றாள்.

சாந்தாமணி அக்கா கத்தினார். "வாயை மூடு புள்ள! எழவு வீட்டுல என்ன பேச்சுப் பேசறா பாரு. இன்னொரு எழவுக்கு வருவியா நீ?"

மாயா பயந்துபோய், "அப்ப... நான் போறேன்" என்றாள்.

"அதையும் சொல்லக் கூடாதுடி!"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு போனாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே மோனிதான். இங்கே குடிவந்த புதிதில் ஒரு நாள் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது மாயா, "நான் போறேன்" என்றாள். மோனி ஓடிப்போய் அவள் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "போறேன்னு சொன்னா ஒரேடியாப் போறேன்னு அர்த்தம். உள்ள வா. தண்ணி குடி. இப்ப மறுபடியும் வெளிய போ. போயிட்டு வர்றேன்னு சொல்லு." அன்றைக்கு மாயா நாலு தடவை உள்ளே வந்து நாலு தடவை வெளியே போனாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு லைன் முழுக்கக் கேட்டது.

அன்றைக்கு எழவு வீட்டில் எத்தனையோ பேர் இருந்தார்கள். வருகிறேன் என்று சொன்னது அவள் ஒருத்திதான்.

கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். கொஞ்சம் காற்று வரட்டும்.

அக்டோபர் 9, வியாழன்

தண்ணீர் வந்தது. டிரம்மைக் கவிழ்த்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிடித்தேன்.

"போன வாட்டியும் தேச்சே, அதுக்கு முந்தின வாட்டியும் தேச்சே. டிரம்மு ஓட்டையாயிரும் துளசி" என்றார் சாந்தாமணி அக்கா.

மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்த அன்று எங்கள் டிரம் வெயிலில் கவிழ்ந்து கிடந்தது. அதனால் அதை அவர்கள் பார்க்கவில்லை. அதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத் துணி எடுக்க வந்தபோது நான்தான் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். பல நாளாகக் கிடந்த பழைய தண்ணீர். அவ்வளவுதான்.

துணி துவைத்தேன். மோனியின் சீருடையைத் துவைக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மாயா சாயங்காலம் வந்தாள். பள்ளியில் பேச்சுப் போட்டியாம். தலைப்பு, எல்லோரும் நம்மவரே.

"டீச்சர் என்னையத்தான் பேசச் சொல்லிட்டாங்க மோனிம்மா. நீ பேசினாத்தான் பொருத்தமா இருக்கும்னாங்க."

"நல்லதுதான கண்ணு?"

"நல்லதுதானுங்க. ஆனா மத்தியானம் சாப்பிடறப்ப ஒருத்தியும் பக்கத்துல உக்கார மாட்டேங்கறா. மோனி இருந்தப்ப மோனி உக்காந்தா. அவ உக்காந்ததால மத்தவளுகளும் உக்காந்தாளுக. இப்ப என்ற டப்பாவுல நாய்க்கறியான்னு கேக்கறாளுக. உருளைக்கிழங்குங்க. வெறும் உருளைக்கிழங்கு! உருளைக்கிழங்கு குலைக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பயமாக இருந்தது. வாசல் பக்கம் யாராவது பார்த்தார்களா என்று பார்த்தேன்.

எனக்கு முன்னால் நின்று பேசிக் காட்டினாள். மோனி போலவே ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பேசியதில் எனக்கு ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன்.

"பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் மட்டும் இந்தியில் கேட்பார். நான் தமிழில், பழைய பஸ் ஸ்டாண்டு ஒண்ணு கொடுங்க என்பேன். உடனே சுற்றி இருப்பவர்கள், அடடா, தமிழ் பேசுதே என்று கை தட்டுவார்கள். நல்ல மனசோடுதான் தட்டுகிறார்கள். ஆனால் டிக்கெட் கேட்டதற்கு உங்களுக்கு யாராவது கை தட்டியிருக்கிறார்களா? கை தட்டும் வரைக்கும் நான் விருந்தாளி. கை தட்டாத நாளில்தான் நான் இந்த ஊர்க்காரி. எனக்குக் கை தட்டாதவள் ஒருத்திதான் இருந்தாள். தப்பாகப் பேசினால் தலையில் குட்டுவாள்."

அங்கே நின்றுவிட்டாள்.

"அங்க நிக்காத. மேல சொல்லு" என்றேன்.

"மேல இன்னும் எழுதலைங்கம்மா."

அவள் தலையில் எண்ணெய் வைத்தே பல நாள் இருக்கும். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். அப்புறம் அதை அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

திரும்பினேன். போய்விட்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி

போட்டியில் அந்தக் கண்டக்டர் கதை வேண்டாம், நம்ம ஊரைக் குறை சொல்வது போல இருக்கிறது என்று டீச்சர் எடுத்துவிட்டாராம். மாயாவுக்கு ஆறுதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். அதை எங்கள் வீட்டு அலமாரியில் வைத்தாள்.

"எங்க வீட்டுல எல்லாத்தையும் மூட்டை கட்டோணுங்க. இது இங்கயே இருக்கட்டும்."

வீடு காலி செய்வதைப் பற்றி அவள் என்னிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் டம்ளரைத் துடைத்து வைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை. விடிந்ததிலிருந்து வெடிச் சத்தம். வயதுக்கு வந்த பிறகும் மோனி வெடிக்காத சாட்டை மத்தாப்புக் கொளுத்தவும் காதைப் பொத்திக்கொள்வாள்.

போன வருஷம் கடைசி வீட்டு வாசலில் செண்டுமல்லி மாலை கட்டி, அகல் வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் இதே சமயம்தான் பண்டிகை. அரிசி மாவில் வளையல் மாதிரி ஒரு பலகாரம் சுடுவார்கள். மோனி கையில் மாட்டிக்கொண்டு வந்து கடித்துத் தின்றாள். இந்த வருஷம் அந்த வாசல் இருட்டாக இருந்தது. வீடு மாறுகிற கவலையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

வாசலில் வெடித் தாள் கூட்டினேன். கடைசி வீடு வரைக்கும் கூட்டினேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

தில் பகதூர் வந்தார். நாலு வருஷத்தில் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. இன்றைக்கும் ஏறவில்லை. வாசலிலேயே நின்றார். மோனி எப்போதோ அவர்களுக்குக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்த தூக்குப் போசியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, நம்ம மேல கோவம் இருக்கா?"

"கோவமெல்லாம் இல்லீங்க."

"நம்ம டிரம் மூடிதான் வெச்சிருந்தோம் அக்கா. புழு எப்பிடி வந்துச்சு, தெரியல. நான் கடைல இருக்கேன், மாயா ஸ்கூல்ல இருக்கு. கவனிக்கல போல. தப்பு நம்மதுதான். மன்னிச்சிருங்க."

நான் கை நீட்டித் தூக்குப் போசியை வாங்கிக்கொண்டேன். அதன் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

"ஓனர் அக்கா சொல்லுது, மாயா அழல, மாயாக்கு மனசு இல்லன்னு. அப்பிடி இல்ல அக்கா. எங்க ஊர்ல சொந்த வீட்டுல யாரும் செத்தா, காரியம் முடியற வரைக்கும் உப்பு சாப்புட மாட்டாங்க. மாயா சாப்புடல. நான் திட்டுனேன். பாப்பா, மோனி நம்ம ரத்தம் இல்ல, உனக்குப் பரிச்சை இருக்கு, சாப்புடுன்னு. கேக்கல. சோத்துல உப்பு இல்ல, உருளைக்கெழங்குல உப்பு இல்ல. தீபாவளியும் வெக்க வேணாம்னு சொல்லிருச்சு. வீட்டுல துக்கம் இருக்கும்போது எப்பிடி வெக்கறது அப்பா, கேக்குது. நான் என்ன சொல்றது?"

அவர் போன பிறகு குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே சாப்பிட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

சாந்தாமணி அக்கா வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. சஷ்டிக்குப் பழனி போயிருக்கிறார்களாம்.

அக்டோபர் 30, வியாழன்

அக்கா வந்துவிட்டார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன்.

"அக்கா, அவங்க இருந்துட்டுப் போகட்டும்."

"ஆரு?"

"கடைசி வீட்டுல. அந்தப் புள்ள பரிச்சை எழுதற வரைக்குமாவது."

அக்கா விபூதிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "ஏன் துளசி, ஒரு மாசமா வாயைத் தொறக்கலை. இப்ப வந்து சொல்றே? வேற ஆளுகிட்ட அட்வான்ஸ் வாங்கியாச்சு. ஒடிசாப் பசங்க, ஆறு பேரு. ஐப்பசி கடைசில வர்றாங்க. உனக்காவத்தான இத்தனையும் பண்ணுனேன்?"

"நான் போகச் சொல்லலீங்க்கா."

"இருக்கட்டும்னும் சொல்லலியே."

"புழு எல்லா டிரம்முலயும்தான் இருந்திருக்கும்ங்க்கா."

அக்கா என்னையே பார்த்தார். "என்ன சொல்றே?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

கையில் பஞ்சாமிர்தம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 5, புதன்

தில் பகதூருக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஹோட்டலிலேயே தங்க இடமாம். ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள். நானே கடைசி வீட்டுக்குப் போனேன். மோனி இறந்த பிறகு முதல் தடவை. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. இரண்டு பெண்களும் உட்கார்ந்து படிக்கும் பாய் சுருட்டி மூலையில் நின்றது.

மாயாவை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், பரீட்சை முடியட்டும் என்று கேட்டேன். மாயா மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அவர் கையில் இருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "அக்கா, நீங்க நல்லவங்க. ஆனா இந்த லைன்ல எல்லாம் என்ன பேசும்? அந்தப் பொண்ணு போச்சு, இது அங்க உக்காந்துருச்சுன்னு பேசும். நாளைக்கு உங்களுக்கே மாயா மூஞ்சி பாத்தா அழுகை வரும். வேணாம்."

அழுகை வரட்டும் என்று சொல்லியிருக்கலாம்.

ஸ்கூலில் பெயர் மட்டும் இருக்குமாம். வீட்டிலேயே படித்துவிட்டு மார்ச்சில் வந்து எழுதலாம் என்று ஹெட்மிஸ் சொன்னாராம். அப்போது எங்கே தங்குவாள் என்று கேட்டேன்.

"பாக்கலாம் அக்கா" என்றார்.

பாக்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் குட்டியானை வண்டி வந்தது. சாமான் ஒன்றும் அதிகமில்லை. ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, இரண்டு மூட்டை, ஒரு பை நிறையப் புத்தகம். டிரம்மை விட்டுவிட்டார்கள். லைனில் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

மாயா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனாள். துக்க வீட்டில் சொல்லக் கூடாது என்று அவளுக்கு நாங்கள் நன்றாகக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவள் பின்னால் மூட்டை மேல் ஏறப் போனாள்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. செருப்புக்கூடப் போடவில்லை. போய் அவள் சடையைப் பிடித்துவிட்டேன்.

"மோனிம்மா! வலிக்குதுங்க!"

"உள்ள வா."

"வண்டி நிக்குதுங்கம்மா."

"நிக்கட்டும். உள்ள வா."

சடையை விடாமல் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுடைய டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது.

"இப்ப வெளிய போ. சொல்லிட்டுப் போ."

"சொல்லக் கூடாதுங்கம்மா. திட்டுவாங்க."

"என்ற வீடு. நான் சொல்றேன். சொல்லு."

சாந்தாமணி அக்கா முன்வீட்டிலிருந்து, "துளசி, வருஷம் திரும்பலை இன்னும்! வேண்டாத வேலை பண்ணாத!" என்று கத்தினார். கத்தட்டும்.

மாயா படி இறங்கினாள். திரும்பி நின்றாள். முகமெல்லாம் கோணிக்கொண்டது. இத்தனை நாளும் அழாதவள். சொன்னால் எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தாளோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"போயிட்டு... போயிட்டு வர்றனுங் மோனிம்மா."

"போயிட்டு வா" என்றேன். லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

வண்டி முக்கு திரும்பும் வரைக்கும் மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனாள்.

அப்புறம் கடைசி வீட்டு டிரம்மைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எங்கள் டிரம்மையும் அதன் பக்கத்தில் கவிழ்த்தேன். மோனியின் சீருடையைத் துவைத்துக் காயப் போட்டேன். மத்தியானம் தூறியது. ஓடிப்போய் எடுத்தேன்.

சோற்றுக்கு அரிசி ஒருத்திக்குத்தான் போட்டேன்.

இப்போது நல்ல மழை. சாரல் உள்ளே அடிக்கிறது. கதவை மட்டும் சாத்தவில்லை. கொஞ்சம் காற்று வரட்டும்.